அடி வாங்கறவனுக்குத் தான் விசிலா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க பாக்ஸர் மேவெதர் பத்தின ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப, "பாக்ஸிங்ல அடி படாம ஜெயிக்கறவனை விட அடி வாங்கிட்டுத் தோத்தவனுக்குத் தான் விசில் ஜாஸ்தி"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்களே இந்த தடவை பக்கத்தை ரொப்பிடுச்சு. சினிமா, அரசியல் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கே: சார், வருஷக்கணக்கா கத்துக்கிட்டு, ஒரு குத்து கூட மேல படாம அழகா ஆடறவனைப் பாத்து போர்னு கத்தறாங்க. ரெண்டு பேரும் காப்பே இல்லாம மாத்தி மாத்தி மூஞ்சியைப் பேத்துக்கிட்டா என்னா ஃபைட்டுங்கறாங்க. ஜனங்களுக்கு ரசனையே கெடையாதா? (ஆவடியிலேர்ந்து ஒரு வாசகர்)

ப: ரசனை இல்லன்னு ஒரே போடா போட்டுட்டுப் போயிடலாம், ஆனா அது நியாயம் இல்ல.

2002 மே 18. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல மோஹிகன் சன்னுன்னு ஒரு கேசினோ, அங்க ஆர்ட்டுரோ காட்டியும் மிக்கி வார்டும் மோதினாங்க. உலகப் பட்டம் எதுவும் பணயத்துல இல்ல. வார்டுக்கு 36 வயசு, பத்து சண்டைக்கு மேல தோத்தவர், பாக்ஸிங்ல வருமானம் பத்தாம தார் ரோடு போடற வேலைக்குப் போனவர். காட்டி எப்பவும் கண்ணு வீங்கி, புருவம் கிழிஞ்சு ரிங்கை விட்டு எறங்கற ஆளு. ஒம்பதாவது ரவுண்டு தொடங்கின கொஞ்ச நேரத்துல வார்டு எடது கையால வயித்துல, சரியா ஈரல் மேல ஒரு ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டுல விடற குத்து) விட்டார், காட்டி முட்டி போட்டு உக்காந்துட்டார். மூஞ்சியைப் பாத்தா இனிமே எந்திரிக்க மாட்டார்னு தான் தோணும். எந்திரிச்சார். வார்டு விடாம அடிச்சார், காட்டி வாங்கிக்கிட்டே இருந்தார், திடீர்னு பாத்தா காட்டி திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுட்டார், இப்ப வார்டு கை எறங்கிப்போச்சு, ரவுண்டு முடியறதுக்குள்ள மறுபடி வார்டு கை ஓங்கிடுச்சு. எல்லாம் மூணே நிமிஷத்துல. கடைசில வார்டு மயிரிழைல ஜெயிச்சார். அடுத்து ரெண்டு தடவை மோதினாங்க, ரெண்டுலயும் காட்டி.

இதுல ஜனங்க எதைப் பாத்தாங்கன்னு யோசிங்க. ரத்தம் மட்டும்னா குத்துப்பட்டு ஒரே ரவுண்டுல விழற சண்டைக்கும் அதே விசில் இருக்கணும், இல்ல. அவங்க பாத்தது, அடுத்த பத்து செகண்டுல என்ன ஆகும்னு யாருக்குமே தெரியாத ஒரு நெலமை. நல்லா கத்துக்கிட்ட ஃபைட்டர் செய்யறது அதுக்கு நேர் எதிர். எதிராளிக்கு இருக்கற வாய்ப்பை ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டே வருவான், வலது கை வராத எடத்துல நிப்பான், எடது கை வர்றப்ப அங்க இருக்க மாட்டான். பன்னண்டு ரவுண்டு சண்டைல நாலாவது ரவுண்டுக்குள்ள யார் ஜெயிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு போயிடும், இன்னும் எட்டு ரவுண்டு பாக்கி இருக்கும். அந்த எட்டு ரவுண்டுல தான் ஜனங்க கத்தறாங்க. திறமை மேல கோவம் இல்ல, டிக்கெட் வாங்கினது விடை தெரியாத ஒரு விஷயத்துக்கு, அது சீக்கிரமே தெரிஞ்சு போச்சேங்கற கடுப்பு.

இதே காட்டி 2005 ஜூன்ல அட்லான்டிக் சிட்டில மேவெதர் கூட மோதினார். அரங்கம் முழுக்க காட்டி ஆளுங்க. ஆறாவது ரவுண்டு முடிஞ்சதும் காட்டியோட கோச் பட்டி மெக்கர்ட் போதும்டா சாமின்னு நிறுத்திட்டார், அவ்ளோ ஒருதலைப்பட்சம். மேவெதர் அன்னிக்கு ஆடினது அப்படியே பாடமா வைக்கலாம், ஆனா இன்னிக்கும் ஜனங்க தேடித் தேடிப் பாக்கறது அந்த ஒம்பதாவது ரவுண்டைத் தான்.

கே: அடி படாம தப்பிக்கறதும் பாக்க நல்லாத் தானே இருக்கணும்? சர்க்கஸ்ல கத்தி வீசறதை எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாக்கலையா? (கோயம்புத்தூர் வாசகி)

ப: நல்லாத் தான் இருக்கணும்மா, ஆனா கேமரா காட்டினாத் தானே. டிவில பாக்ஸிங்கை எப்பவும் ரிங்குக்கு வெளிய ஒரு பக்கத்துல கொஞ்சம் ஒசரத்துல நின்னு காட்டுவாங்க. அங்கேர்ந்து பாத்தா ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு கண்ணுக்குப் புடிபடாது. தலையை ரெண்டு அங்குலம் பின்னால இழுத்ததால குத்து தவறிச்சுன்னு தெரியாது, குத்தினவன் குறி தப்பிட்டான்னு தான் தோணும். அதாவது தப்பிச்சவனோட திறமை, குத்தினவனோட தப்பு மாதிரி தெரியும். இன்னொண்ணு, நல்ல டிஃபென்ஸ் ஃபைட்டர் கிட்ட எதிராளி கொஞ்ச நேரத்துல குத்தறதையே கொறைச்சுடுவான், குத்தினா திருப்பி விழுதேன்னு பயம். அப்ப ரிங்குல ரெண்டு பேரும் சும்மா சுத்திக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும். உள்ள நடக்கறது வேற, எடது காலை எதிராளியோட காலுக்கு வெளிப்பக்கம் வைக்கறதுக்கே ஒரு ரவுண்டு முழுக்க போட்டி நடக்கும், அது ரிங்கை ஒட்டி உக்காந்திருக்கற பழைய பாக்ஸருங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

கத்தி வீசறது வேற விஷயம். அங்க கத்தி பட்டா சாவுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜாப், அதாவது முன்கையால நேரா விடற குத்து, பட்டா என்ன வலி வலிக்கும்னு வாங்காதவனுக்குத் தெரியாது.

கே: உங்க பேச்சே உதைக்குதே. உலகத்துலயே அதிகமா சம்பாதிச்ச பாக்ஸர் மேவெதர், அவரு டிஃபென்ஸ் தானே ஆடினாரு? (நாகர்கோவில் வாசகர்)

ப: நல்ல புடி. 2015 மே 2, மேவெதர் – பாக்கியாவ் (பிலிப்பைன்ஸ்காரர்) சண்டையை அமெரிக்காவுல மட்டும் 46 லட்சம் வீட்டுல காசு கட்டிப் பாத்தாங்க, ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர். மறுநாள் காலைல அதுல பாதிப் பேரு காசு போச்சேன்னு பொலம்பினாங்க, அதையும் கணக்குல சேத்துக்கங்க.

மேவெதர் ரொம்ப நாளா "ப்ரெட்டி பாய்"னு பேரு வச்சுக்கிட்டு அழகா ஆடிக்கிட்டு இருந்தார், அப்ப பெரிய வசூல் எல்லாம் இல்ல. 2007-ல, அப்ப பெரிய நட்சத்திரமா இருந்த ஆஸ்கார் டி லா ஹோயா கூட சண்டை, அதுக்கு எச்பிஓ சேனல் சண்டைக்கு முன்னாடி வாராவாரம் ரெண்டு பேரு வீட்டையும் பயிற்சியையும் காட்டற மாதிரி ஒரு தொடர் போட்டுது. அதுல மேவெதர் நோட்டுக் கட்டைத் தூக்கிப் போட்டு, வாய் சவடால் விட்டு, வேணும்னே வில்லன் ஆனார். "மணி" மேவெதர் பொறந்தது அங்க தான். அதுக்கு அப்புறம் டிக்கெட் வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க அவரு ஆட்டத்தைப் பாக்க வரல, யாராவது ஒருத்தன் இவன் மூஞ்சில ஒண்ணு விட மாட்டானான்னு பாக்க வந்தாங்க. அப்படி வந்தவங்க எல்லாரும் ஏமாந்து தான் போனாங்க, மொத்தம் ஆடின அம்பது சண்டையிலயும் அவரு தோக்கல.

ஆக ஜனங்களுக்கு வேண்டிய "என்ன ஆகும்?" அவரு சண்டையிலயும் இருந்துது, அது ரிங்குக்குள்ள இல்லாம அவரு வாயில இருந்துது. ரிங்குல அந்த சந்தேகத்தைத் தராத ஆளு வெளிய தரணும். அது எல்லாராலயும் முடியாது.

கே: கிரிக்கெட்டுல டிராவிட் – சேவாக் மாதிரி தானே இதுவும்? டிராவிடை எல்லாரும் மதிச்சோமே, அந்த மரியாதை பாக்ஸிங்ல ஏன் இல்ல? (சேலம் வாசகர்)

ப: நல்ல ஒப்பீடு, ஆனா ஒரு எடத்துல ஒடையுது. டிராவிட் எவ்ளோ மெதுவா ஆடினாலும் டீம்ல எடம் உண்டு, எடுக்கறது செலக்ஷன் கமிட்டி. தொழில்முறை பாக்ஸிங்ல கமிட்டி கெடையாது, லீக் கெடையாது, அட்டவணை கெடையாது. அடுத்த சண்டை யார் கூட, எந்த ஊர்ல, எவ்ளோ சம்பளம், எல்லாத்தையும் பிரமோட்டரும் (சண்டையை ஏற்பாடு பண்றவர்) டிவி சேனலும் பேசி முடிவு பண்ணுவாங்க. டிக்கெட் விக்கலைன்னா நீங்க எவ்ளோ ஜெயிச்சாலும் ஃபோன் வராது.

உதாரணத்துக்கு, கியூபாக்காரர் கியர்மோ ரிகொண்டோ. 2000, 2004 ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம். 2013 ஏப்ரல்ல நியூயார்க்ல நொனிட்டோ டொனேரை, அதாவது முந்தின வருஷத்தோட சிறந்த பாக்ஸர்னு பேரு வாங்கின ஆளை, பாடம் எடுக்கற மாதிரி ஜெயிச்சார். கூட்டம் ஊளை விட்டுது. அதே வருஷக் கடைசில ஜோசப் அக்பெக்கோ கூட இன்னொரு சண்டை, அதுவும் மந்தமா போச்சு, சேனலுக்கு அவரு மேல ஆசை விட்டுப்போச்சு. 2014-ல அந்த மனுஷன் ஒரு சண்டையை சீனாவோட மக்காவ்லயும் இன்னொண்ணை ஜப்பான்ல ஒசாகாவுலயும் போட்டார், பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு. அவரோட சொந்த பிரமோட்டர் பாப் ஆரமே, இவரை வித்துக் குடுக்கறது பெரும்பாடுன்னு வெளிப்படையா சலிச்சுக்கிட்டவர்.

மெக்சிகோவோட ஹுவான் மானுவேல் மார்க்கெஸ் இன்னொரு கதை. எதிராளி குத்தை வரவிட்டு, அதோட எடவெளில கவுன்ட்டர், அதாவது பதில் குத்து, குடுக்கறதுல அவரை மிஞ்ச ஆளு கெடையாது, ஆனா ரொம்ப வருஷம் சொந்த நாட்டுக்காரங்களே கண்டுக்கல. சம்பளத் தகராறுல பெரிய சண்டையை வேணாம்னுட்டு 2006-ல இந்தோனேசியாவுக்குப் போயி கிறிஸ் ஜான் கூட சுமார் 32 ஆயிரம் டாலருக்கு மோதித் தோத்தார். அந்த லெவல் பாக்ஸருக்கு அது பஸ் செலவு காசு. ஆனா 2004-ல பாக்கியாவ் கிட்ட மொத ரவுண்டுலயே மூணு தடவை விழுந்து எந்திரிச்சு டிரா பண்ணினாரே, அந்த எந்திரிப்பு தான் மெல்ல மெல்ல அவரை ஜனங்க கிட்ட கொண்டு சேத்துது. 2012-ல அதே பாக்கியாவை ஆறாவது ரவுண்டுல ஒரே குத்துல மொகம் குப்புற சாய்ச்சப்ப மெக்சிகோவே அவரு பின்னால நின்னுது.

கே: இதுல ஜனங்க ஆசையால ஃபைட்டருக்கு என்ன நஷ்டம்? அவங்க தானே தேர்ந்தெடுக்கறாங்க? (பெயர் வேண்டாம்னு எழுதின ஒரு வாசகர், திருநெல்வேலி)

ப: இந்தக் கேள்விக்குத் தான் கொஞ்சம் எடம் வேணும். ரெண்டு பேரு கதை சொல்றேன்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க அணில ரெண்டு பசங்க. மெல்ட்ரிக் டெய்லர், பிலடெல்பியா, வயசு 17. பெர்னல் விட்டேக்கர், வர்ஜீனியா மாநிலத்துல நார்ஃபோக். ரெண்டு பேருக்கும் தங்கம். ரெண்டு பேருமே பின்னால ஒரே ஆளை எதுத்து ரிங்ல நின்னாங்க: மெக்சிகோவோட ஹூலியோ சீசர் சாவேஸ், அப்ப வரைக்கும் தோல்வியே தெரியாதவர், மெக்சிகோ சிட்டி ஆஸ்டெகா மைதானத்துல அவரு சண்டைக்கு ஒரு தடவை 1,30,000 பேருக்கு மேல கூடினாங்க. மெதுவா முன்னால வந்துக்கிட்டே இருப்பார், வயித்துல குத்திக்கிட்டே இருப்பார், பின்னால போறதுன்னா என்னன்னு தெரியாத மாதிரி.

டெய்லர் 1990 மார்ச் 17-ல லாஸ் வேகாஸ்ல மோதினார். கை வேகம் அப்படி ஒரு வேகம், சாவேஸ் ஒண்ணு குத்தறதுக்குள்ள இவரு நாலு குத்து விட்டுட்டு இருப்பார். தள்ளி நின்னு ஆடியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்னு பல பேரு சொல்றாங்க, நானும் அந்தக் கட்சி தான். ஆனா பிலடெல்பியா ஜிம் பழக்கம் ஒண்ணு இருக்கு, அங்க பயிற்சி சண்டையே நெசச் சண்டை மாதிரி தான், நின்னு குடுக்காதவனுக்கு மரியாதை கெடையாது. டெய்லர் நின்னு குடுத்தார். குத்து எண்ணிக்கைல முன்னால இருந்தார், மூணு ஜட்ஜுல ரெண்டு பேரோட மார்க் கார்டுல நல்ல தூரம் முன்னால. ஆனா சாவேஸ் விட்ட கொஞ்சக் குத்தும் உள்ள போயி எறங்கிக்கிட்டே இருந்துது, மூஞ்சில எலும்பு ஒடைஞ்சு, வாயில வர்ற ரத்தத்தை முழுங்கிக்கிட்டே ஆடிட்டு இருந்தார். கடைசி ரவுண்டுக்கு முன்னாடி அவரு கோச் இந்த ரவுண்டு உனக்கு வேணும்னு சொல்லி அனுப்பறார், கார்டுல தேவையே இல்லாதப்ப! ரவுண்டு முடிய கொஞ்ச செகண்டு இருக்கறப்ப சாவேஸோட வலது கை எறங்குச்சு, டெய்லர் விழுந்தார், கயித்தைப் புடிச்சு எந்திரிச்சார். ரெஃப்ரீ ரிச்சர்டு ஸ்டீல், "ஓகேவா?"ன்னு கேட்டார், ரெண்டு தடவை. பதில் வரல. நிறுத்திட்டார். இன்னும் ரெண்டு செகண்டு தான் பாக்கி.

அந்த வருஷத்தோட சிறந்த சண்டைன்னு பேரு வாங்கிச்சு. முப்பது வருஷம் தாண்டியும் அந்த ரெண்டு செகண்டைப் பத்தி ரசிகருங்க அடிச்சுக்கறாங்க. நிறுத்தினது சரின்னு தான் நான் சொல்வேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவனை ரெண்டு செகண்டுக்காக நிக்க வைக்கக் கூடாது. அதுக்குப் பிறகும் டெய்லர் 2002 வரைக்கும் ஆடினார். 2003-ல எச்பிஓ அவரைப் பேட்டி எடுத்துப் போட்டுது, பேச்சு அப்படி கொழறுது, பாத்த பல பேருக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

விட்டேக்கர் 1993 செப்டம்பர் 10-ல சான் அன்டோனியோல மோதினார், 60 ஆயிரம் பேருக்கு மேல கூட்டம், பெரும்பாலும் சாவேஸ் ஆளுங்க. விட்டேக்கர் எடது கைக்காரர், இடுப்புக்குக் கீழ வரைக்கும் குனிஞ்சு குத்தைத் தலைக்கு மேல போக விடுவார், அதுக்கு மேல தேவைப்பட்டா மட்டும் கிட்ட நின்னும் குடுப்பார். சாவேஸ் அன்னிக்கு மொத தடவையா வழி தெரியாம முழிச்சார். ரெண்டு ஜட்ஜு 115-115ன்னு சம மார்க் போட்டு டிரான்னு அறிவிச்சாங்க, ஒருத்தர் மட்டும் விட்டேக்கருக்கு 115-113. அரங்கத்துல பாத்த நிருபருங்க எல்லாம் இது கொள்ளைன்னு எழுதினாங்க, ஒரு பெரிய பத்திரிகை அட்டைலயே அதைப் போட்டுது.

ரெண்டு சண்டைல எதுக்கு ஜனங்க மனசுல எடம் பெருசுன்னு கேட்டா டெய்லர் – சாவேஸ் சண்டைன்னு தான் சொல்வாங்க. யாரு கூடக் கொஞ்சம் முழுசா வெளிய வந்தாங்கன்னு கேட்டா விட்டேக்கர். அந்த வித்தியாசம் தான் நீங்க கேட்ட நஷ்டம். தேர்ந்தெடுக்கறாங்க, சரி, ஆனா எதைத் தேர்ந்தெடுத்தா கைதட்டலும் காசும் வருதுன்னு சின்ன வயசுலயே கத்துக்குடுத்துடறோம். குத்து வாங்கி வாங்கி மூளை கெடறதை 1928-லயே ஹாரிசன் மார்ட்லண்டுங்கற அமெரிக்க டாக்டர் எழுதிட்டார், புதுக் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. ஜெர்ரி குவாரி, 60, 70-கள்ல கூட்டம் கூட்டமா ரசிகருங்க இருந்த ஹெவிவெயிட், அடி வாங்கறதுக்கு அஞ்சாம நின்னு குடுத்தவர், 53 வயசுல போயிட்டார், கடைசி வருஷங்கள்ல சட்டையைப் போட்டுக்கவே கூட ஆள் வேணும். மிக்கி வார்டு தன்னோட மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு எழுதிக் குடுத்திருக்கார்.

கே: ஜட்ஜுங்களும் கூட்டம் கத்தற பக்கம் சாஞ்சுடுவாங்களா? (திருவாரூர்)

ப: விதிப்படி பாக்கறது சுத்தமா பட்ட குத்து, பலனுள்ள தாக்குதல், ரிங்கைத் தன் கைல வச்சிருக்கறது, டிஃபென்ஸ், இந்த நாலும் தான். ஆனா ஜட்ஜும் மனுஷன், காதுல சத்தம் விழத் தான் செய்யும். சுகர் ரே லெனர்டு 1987-ல ஹேக்லர் கூட ஆடறப்ப இதை நல்லாப் பயன்படுத்திக்கிட்டார், ரவுண்டு முடிய அரை நிமிஷம் இருக்கறப்ப படபடன்னு ஒரு அடுக்குக் குத்து, கூட்டம் எந்திரிச்சுக் கத்தும், மணி அடிக்கும். ரெண்டுக்கு ஒண்ணுன்னு லெனர்டுக்குப் போச்சு. ஹேக்லர் அதுக்கப்புறம் ஆடவே இல்ல.

கே: எல்லா ஊர்லயும் இப்படித் தானா? நம்ம வட சென்னைலயுமா? (ராயபுரம் வாசகர்)

ப: இல்ல. உக்ரைன்காரர் விளாடிமிர் கிளிட்ச்கோ கிட்டத்தட்ட பத்து வருஷம் ஹெவிவெயிட் பட்டத்தை வச்சிருந்தார். நீளக் கை, ஜாப், கிட்ட வந்தா கட்டிப் புடிச்சு மேல சாஞ்சுடுவார், மறுபடி ஜாப். 2008-ல நியூயார்க்ல அதுக்கு ஊளை. அதே ஆட்டத்துக்கு ஜெர்மனில கால்பந்து மைதானம் நெறைஞ்சுது, 2011-ல ஹாம்பர்க்ல மழைல உக்காந்து பாத்தாங்க. அவரை அவங்க ஊர்ப் பையனாவே எடுத்துக்கிட்டாங்க, தன் ஆளு ஜெயிக்கறப்ப யாருக்கும் போர் அடிக்காது. வேடிக்கை என்னன்னா மத்த நாட்டுக்காரங்க கிளிட்ச்கோவை மொத தடவையா மனசாரக் கொண்டாடினது 2017 ஏப்ரல்ல லண்டன் வெம்ப்ளி மைதானத்துல, 90 ஆயிரம் பேரு முன்னால இங்கிலாந்துக்காரர் அந்தோணி ஜோஷ்வாவைக் கீழ தள்ளி, தானும் விழுந்து, 11-வது ரவுண்டுல தோத்தப்ப.

வட சென்னை, பரம்பரைங்கற பேர்ல குழு குழுவா பிரிஞ்சு நின்னு ஆடின ஊரு, அங்க காலாட்டத்தை ரசிக்கத் தெரிஞ்ச பெருசுங்க இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. 1980-ல முகமது அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிச் சண்டை ஆடினார். அலியும் இளவட்டமா இருந்தப்ப ஓடிப் புடிக்கற ஆட்டம் ஆடறான்னு திட்டு வாங்கினவர் தான். உங்க தெருவுல வயசானவங்க யாராவது அன்னிக்கு நேர்ல பாத்திருந்தா எழுதச் சொல்லுங்க, போடறேன்.

கே: பெண்கள் பாக்ஸிங்ல இந்த பேதம் உண்டா? (தஞ்சாவூர் வாசகி)

ப: அச்சு அசலா உண்டு. கேட்டி டெய்லர் – அமாண்டா செரானோ, 2022 ஏப்ரல் 30, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். அஞ்சாவது ரவுண்டுல டெய்லர் மூக்குல ரத்தம், கால் தள்ளாடுது, முடிஞ்சுதுன்னே நெனச்சாங்க, தாக்குப் புடிச்சு ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சார். அரங்கம் அதிர்ந்துது. அதே ரெண்டு பேரு அதே அரங்கத்துல 2025 ஜூலைல மூணாவது தடவை, டெய்லர் இந்த வாட்டி புத்திசாலித்தனமா தள்ளி நின்னு ஆடி ஜெயிச்சார், முகத்துல பெருசா காயம் இல்ல, பேச்சும் பெருசா இல்ல. பெண்களுக்கு ரவுண்டு பெரும்பாலும் ரெண்டே நிமிஷம்ங்கறதால வேகம் இயல்பாவே ஜாஸ்தி, அதனால புதுசா பாக்கறவங்களுக்கு அது நல்ல தொடக்கம்.

கே: இப்ப ஆடறவங்கள்ல இந்த மாதிரி மாட்டிக்கிட்டு முழிக்கறது யாரு? (ஈரோடு)

ப: அமெரிக்காக்காரர் ஷகூர் ஸ்டீவன்சன். 2023 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல பட்டம் ஜெயிச்சும் ஊளை வாங்கினார், அடுத்த வருஷம் சொந்த ஊரு நுவார்க்லயே ஆளுங்க முடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கெளம்பிட்டாங்க. 2025 ஜூலைல மெக்சிகோவோட வில்லியம் ஜெபேடா கூட மோதறப்ப பாதி நேரம் கயித்துல சாஞ்சு கிட்டக்க நின்னே குடுத்தார், ரொம்ப பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சார், கூட்டமும் கொண்டாடிச்சு. கண்ணோரம் வீக்கத்தோட பேட்டி குடுத்தார். அவரு டிஃபென்ஸ் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த வீக்கம் தேவையே இல்லாததுன்னும் தெரியும்.

கே: டெக்னிக்கல் ஃபைட்டை எப்படிப் பாக்கணும்னு ஒரு வழி சொல்லுங்களேன். (பாளையங்கோட்டை கல்லூரி மாணவி)

ப: மொதல்ல வர்ணனையை மியூட் பண்ணிடுங்க, அவங்க சத்தமா அடிக்கறவனைப் பத்தியே பேசுவாங்க. ஒரு ரவுண்டு முழுக்க கையைப் பாக்காதீங்க, காலை மட்டும் பாருங்க, யாரு யாரை மூலைக்கு ஓட்டறாங்க, யாரு நடுவுல நிக்கறாங்கன்னு. அடுத்த ரவுண்டுல தோக்கறவனை மட்டும் பாருங்க, அவன் குத்த ஆரம்பிச்சுட்டுப் பாதில நிறுத்தறது எத்தனை தடவைன்னு எண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் எதிர்ல இருக்கறவன் ஏதோ ஒண்ணு சின்னதா செஞ்சிருப்பான், தோளை அசைச்சிருப்பான், அரை அடி நகந்திருப்பான். அதைக் கண்டுபிடிக்கறது தான் ஆட்டம். விட்டேக்கர் – சாவேஸ்லேர்ந்து ஆரம்பிங்க, பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கிட்டு நீங்களே ரவுண்டு ரவுண்டா மார்க் போடுங்க. 115-115 வந்துதுன்னா எனக்கு எழுதுங்க, எந்த எந்த ரவுண்டை சாவேஸுக்குக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.